அலமாரி வாங்கிக் கொடுப்பவர்களுக்கு: வாசிப்புத் திட்ட நன்கொடைகளில் நடக்கும் தவறுகள்

நகரப் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரப் பணம் கொடுக்கிறேன் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு அலமாரி. அது நிறையப் புத்தகம், மேலே பெயர்ப்பலகை, கீழே நின்று ஒரு போட்டோ. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், அலமாரி பூட்டியிருக்கும். தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. புத்தகமெல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒன்று தொலைந்தாலும் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழியும், கொடுக்காவிட்டால் கிழியாது. அவர் பூட்டிவிடுகிறார். 'இத்தனை புத்தகம் தொலையலாம், கிழியலாம், அதற்கு ஈடாகப் புதிது வாங்க ஆண்டுதோறும் இவ்வளவு' என்று நன்கொடைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தால் பூட்டு திறக்க வழியுண்டு. அப்படி எழுதிக் கொடுத்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பொருளுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு ஆளுக்குக் கொடுக்கத் தயங்குவதுதான் இதில் பெரிய தவறு. சம்பளம் என்றாலே 'நிர்வாகச் செலவு' என்று முகம் சுளிக்கிறோம். கென்யாவில் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. செய்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர். புத்தகம் வந்ததால் சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னேறினார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலருக்கு அது மூன்றாவது மொழி.

இன்னொரு பக்கம், மும்பை, வடோதரா மாநகரப் பள்ளிகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய 'பாலசகி' திட்டம். அதே வட்டாரத்தைச் சேர்ந்த, பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்களை நியமித்தார்கள். மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணிநேரம் தனியே உட்காரவைத்து அடிப்படையைச் சொல்லித்தருவதுதான் அவர்கள் வேலை. 2001 முதல் 2003 வரை இதை அளந்து பார்த்த பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர், பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்ததைக் கண்டார்கள். இரண்டாம் ஆண்டில் பலன் முதலாண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் திட்டத்தை விட்டு வெளியேறி ஓராண்டு ஆன பிள்ளைகளிடம் அந்தப் பலன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஓராண்டு கொடுத்துவிட்டு 'இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விலகுபவர்கள் இந்தக் கடைசித் தகவலைப் படிக்க வேண்டும். குறைந்தது மூன்றாண்டுக்குக் கொடுக்க முடியாதென்றால், பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கூட்டுங்கள்.

அடுத்தது, பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே பணத்தை இறக்குவது. ஐந்தாம் வகுப்பு என்றால் ஐந்தாம் வகுப்புக் கதைப்புத்தகம் வாங்கிவிடுகிறோம். ஒருமுறை ஒரு சிறுவன் எனக்குப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினான். விரலைப் பார்த்தேன், வாய் சொல்லும் வரிக்கு இரண்டு வரி மேலே இருந்தது. முழுவதும் மனப்பாடம். நடுவில் 'கொடி' என்ற சொல்லைத் தனியே காட்டினேன். ஒற்றைக்கொம்பைப் பார்த்து 'கெ' என்று தொடங்கினான், பின்னால் துணைக்கால் வந்ததும் நின்றுவிட்டான். அவனுக்கு வேண்டியது கதைப்புத்தகம் இல்லை, உயிர்மெய்க் குறிகளோடு பக்கத்தில் உட்கார ஒரு ஆள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தேர்வெல்லாம் தேவையில்லை. எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என நாலு படி உள்ள ஒரு தாள் போதும். இந்தியக் கிராமங்களில் 2005 முதல் நடக்கும் அசர் (ASER) என்ற கல்விக் கணக்கெடுப்பு பிள்ளைகளின் வாசிப்பை அளப்பது இப்படித்தான். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் ஆகும். தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும், கூட்டமாகக் கேட்டால் முன்வரிசை சொல்வதைப் பின்வரிசை திருப்பிச் சொல்லும். அப்படியே, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு வேண்டியது கண்ணாடிதான்.

நகரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வாடகை ஏறினால், வேலை மாறினால், குடும்பம் நடு ஆண்டில் வேறு பேட்டைக்குப் போய்விடும். தொடக்கத்தில் சோதித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் முடிவில் இருக்கமாட்டார்கள், புதியவர்கள் வந்திருப்பார்கள். இருப்பவர்களை மட்டும் வைத்துக் கணக்கெழுதினால் பலன் பெரிதாகத் தெரியும். போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பள்ளி விட்டபின் வகுப்பு என்று திட்டம் போட்டால், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்பிள்ளைகள் முதலில் நின்றுவிடுவார்கள். முடிந்தவரை பள்ளி நேரத்துக்குள்ளேயே இடம் கேட்டு வாங்குங்கள். அனுமதி வாங்குவது அலைச்சல்தான்.

'ஆயிரம் குழந்தைகள் பயன்பெற்றனர்' என்ற அறிக்கையை ஏற்றுக்கொள்வதும் தவறுதான். சொல்லில் தடுமாறியவர்களில் எத்தனை பேர் இப்போது பத்தி படிக்கிறார்கள் என்று கேட்டு, அதைச் சோதிக்க ஆகும் செலவையும் நீங்களே கொடுங்கள்.

பணம் போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கொடுப்பவரின் நிதியாண்டும் பள்ளியின் கல்வியாண்டும் ஒத்துப்போவது அரிது. கணக்கு முடிவதற்குள் செலவழிக்க வேண்டுமென்று தள்ளிவிடப்படும் தொகை, தேர்வு நெருங்கும் வாரத்தில் பள்ளிக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் ஆள் தேடி, பயிற்சி கொடுத்து, வகுப்புக்கு அனுப்ப முடியாது. பில்லோடு சட்டென்று கிடைக்கக்கூடிய பொருள் ஒன்றைத்தான் வாங்க முடியும், பெரும்பாலும் அது அலமாரியாக இருக்கும்.