139-க்கு 80: டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அளவை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கல்யாண வீடுகளில் பெரிய டிஎஸ்எல்ஆரைக் காலையிலிருந்து ராத்திரி வரை தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலி நிரந்தரமாகிவிட்டதாம். சொந்தப் படங்களுக்காவது கைக்கு அடக்கமாக ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கலாம் என்று செல்போனில் ஒவ்வொரு மாடலின் நீளத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். "அண்ணாச்சி, லைக்கா எல்லாத்துக்கும் 139-க்கு 80 தான் போட்டிருக்கு. அப்போ எதை வாங்கினாலும் கைக்கு ஒண்ணுதான்லா?" என்றார்.

ஒன்றில்லை. நான் லைக்கா எம்9 வைத்திருக்கிறேன், நண்பர்களிடமிருந்து எம்240, எம்10, எப்சன் எல்லாம் நாள் கணக்கில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். காகிதத்தில் அண்ணன் தம்பி போல இருக்கிறவை கையில் வந்தால் வேறு வேறு ஆட்களாக இருக்கின்றன. அவரிடம் அன்று சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேமராக்களின் விலைக்குத் தவறாக வாங்கிவிட்டு வருத்தப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே இடது ஓரத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், நடுவில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி மேலும் கீழும் ஆடுவதில்லை, அதற்கான பெட்டியும் இல்லை, அதனால்தான் உடல் ஒல்லி. டிஜிட்டலில் இந்த வகை மிகக் குறைவு. 2004-இல் எப்சன் ஆர்-டி1 முதலில் வந்தது, 2006-இல் லைக்கா எம்8, 2009-இல் எம்9, அப்புறம் எம்240, 2017-இல் எம்10, 2022-இல் எம்11. நடுவில் சில வகைகளும் பிரான்ஸிலிருந்து பிக்சி என்ற ஒன்றும் உண்டு.

முதல் தவறு தடிமன் எண்ணை அப்படியே நம்புவது. 1954-இல் வந்த ஃபிலிம் கேமரா எம்3-க்கு 33.5 மி.மீ. என்று இருக்கும். எம்9-க்கு 37, எம்240-க்கு 42, எம்10-க்கு 38.5. இதைப் பார்த்தவுடன் எம்10 பழைய ஃபிலிம் கேமராவைவிட 5 மி.மீ. தடிப்பு என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த 38.5 லென்ஸ் மாட்டும் வளையம் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதையும் சேர்த்த அளவு. நம் விரல் பிடிக்கிற இடத்தில், மேல்தகட்டில் அளந்தால் எம்10 33.75 மி.மீ. தான், அதாவது எம்3-க்கும் அதற்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். எந்த இடத்தில் அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு கேமராவின் தடிமனை ஒப்பிடுவது, ஒருவர் செருப்போடும் இன்னொருவர் வெறுங்காலோடும் நின்று உயரம் பார்ப்பது மாதிரி. இதையெல்லாம் தாண்டி, எம்240-இன் தடிப்பு உண்மையிலேயே கையில் தெரியும். அதன் மேல்தகடு எம்10-ஐவிட ஏறக்குறைய 4 மி.மீ. பருமன். சின்னக் கை உள்ளவர்களுக்கு அந்த 4 மி.மீ. பெரிய விஷயம், பெரிய கை உள்ள என் நண்பர் ஒருவருக்கோ அதுதான் சௌகரியம்.

டிஜிட்டல் ஏன் தடித்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எம் வகை லென்ஸுக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 27.8 மி.மீ. இருந்தே ஆகவேண்டும், அது 1954-இல் வைத்த கணக்கு, மாற்ற முடியாது. ஃபிலிமுக்குப் பின்னால் ஒரு மெல்லிய அழுத்துத் தகடும் கதவும் போதும். ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பிடிக்கும் சென்சார் என்றால் பின்னால் அதன் சர்க்யூட் பலகை, அதற்குப் பின்னால் திரை, அதற்கு ஒரு கண்ணாடி என்று அடுக்கிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. அதைச் சுருக்கினால் வேறெங்கோ விலை கொடுக்கவேண்டும். எம்240-இன் பேட்டரி கொள்ளளவு 1800 எம்ஏஎச், ஒல்லியாக்கிய எம்10-இல் அது 1100 எம்ஏஎச் ஆகிவிட்டது. பெண்ணழைப்பில் தொடங்கி முகூர்த்தம் முடிகிற வரை எடுப்பவர் என்றால் சட்டைப்பையில் இன்னும் இரண்டு பேட்டரி, அதையும் அளவோடு சேர்த்துத்தான் எண்ணவேண்டும். எம்11-இல் மறுபடி 1800 எம்ஏஎச் கொண்டுவந்துவிட்டார்கள், உடலைத் தடிப்பாக்காமலே.

எடைக்கு வருவோம், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எம்10 பேட்டரியோடு 660 கிராம். தோற்றத்தில் இதே மாதிரி இருக்கும் ஃபியூஜி எக்ஸ்-ப்ரோ2 495 கிராம், அது நீளம், உயரம், பருமன் மூன்றிலும் எம்10-ஐவிடப் பெரியது. எம்10-இன் அளவில் ஒரு பெட்டி செய்தால் உள்ளே 430 மில்லி பிடிக்கும், எக்ஸ்-ப்ரோ2 அளவில் செய்தால் 530 மில்லிக்கு மேல் பிடிக்கும். முதல் பெட்டியில் காய்ந்த மணலை நிரப்பினால் ஏறக்குறைய எம்10-இன் எடை வந்துவிடும். இரண்டாவதில் தண்ணீர் நிரப்பினால்கூட அது எக்ஸ்-ப்ரோ2-ஐவிடக் கனமாகிவிடும். ஒரே எடையில் சிறியதும் பெரியதுமாக இரண்டு பொருளைக் கொடுத்தால் சிறியதுதான் கனம் என்று கை சொல்லும், இது எல்லோருக்கும் பொதுவான உணர்வு. இங்கே சிறியது எடையிலும் கூடுதல். அதனால் "சின்னக் கேமரா, லேசாக இருக்கும்" என்ற எதிர்பார்ப்போடு எம் ஒன்றைத் தூக்கினால் கை திடுக்கிடும். சிலருக்கு அந்தத் திண்மையே பிடித்துப்போகும், கேமரா ஆடாமல் நிற்கும், எனக்கு அப்படித்தான்.

எம்11-இலேயே இரண்டு எடை இருப்பது பலருக்குத் தெரியவில்லை. கறுப்பு 530 கிராம், வெள்ளி நிறம் 640 கிராம். கறுப்புக்கு மேல்தகடு அலுமினியம், வெள்ளிக்குப் பித்தளை. நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம், 110 கிராம் கூடவே வருகிறது. லென்ஸிலும் இதே கதைதான்: 50 மி.மீ. சம்மிலக்ஸ் எஃப் 1.4 ஆஸ்ஃபெரிக்கல் கறுப்பில் 335 கிராம், வெள்ளியில் 460.

லென்ஸ் என்றதும் அடுத்த தவறு. உடலை மட்டும் ஒப்பிட்டு என்ன செய்ய? வெறும் உடலையா கழுத்தில் தொங்கவிடப்போகிறோம்? எம்10-இல் 50 மி.மீ. சம்மிக்ரான் எஃப் 2 மாட்டினால் 900 கிராம், கீழரத வீதியில் ஒரு கிலோ அல்வா வாங்கினால் எவ்வளவோ அதற்கு நூறு கிராம் குறைவு. எஃப் 0.95 நாக்டிலக்ஸ் மாட்டினால் லென்ஸ் மட்டுமே 700 கிராம், உடலைவிடக் கனம். கழுத்தில் தொங்கும்போது மூக்கு கீழே சாயும், நடக்கும்போது வயிற்றில் இடிக்கும். அதோடு பருமனான லென்ஸும், அதன் முன்னால் வெளிச்சம் மறைக்க மாட்டும் ஹூடும் வியூஃபைண்டரின் வலது கீழ்மூலையை மறைத்துக்கொள்ளும், டிஎஸ்எல்ஆரிலிருந்து வருகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை. 28 மி.மீ. எல்மரிட் போல 200 கிராமுக்குள் இருக்கிற சின்ன லென்ஸ்தான் இந்த உடலுக்குப் பொருத்தம், இது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பழைய மாடல் வாங்குகிறவர்களுக்குச் சென்சார் அளவும் இந்தக் கணக்கில் வரும். எம்9-லிருந்து முழு ஃபிரேம், அதாவது சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே. எம்8-இல் 1.33 மடங்கு, எப்சனில் சுமார் 1.5 மடங்கு பார்வை குறுகும். எப்சனில் 35 மி.மீ. பார்வை வேண்டுமென்றால் 23, 24 மி.மீ. லென்ஸ் தேடவேண்டும், ஆனால் அதன் ஜன்னலில் 28, 35, 50-க்குத்தான் ஃபிரேம் கோடு, அதாவது படம் எதுவரை விழும் என்று காட்டும் கோடு. ஆகவே மேலே தனி வியூஃபைண்டர் ஒன்று சொருகவேண்டும். ஏற்கெனவே 88.5 மி.மீ. உயரமுள்ள எப்சன் இன்னும் வளரும்.

இப்போது கண். கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் சௌகரியத்தில் பாதி கண்ணில் இருக்கிறது, அதை எந்த அளவுப் பட்டியலும் சொல்லாது. நான் கண்ணாடி போடுகிறவன். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் கூட்டம் நெருக்கும், பின்னால் போக இடமில்லை, அகலமாகக் காட்டும் 28 மி.மீ. லென்ஸ் இல்லாமல் முடியாது. எம்9-இன் ஜன்னல் உருப்பெருக்கம் 0.68, அதில் கண்ணாடியோடு பார்த்தால் 28-இன் கோடு நான்கு ஓரமும் ஒரே சமயத்தில் தெரியாது, கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டவேண்டும், அதற்குள் தேர் நகர்ந்துவிடும். எம்10-இல் உருப்பெருக்கம் 0.73 ஆகக் கூடியிருக்கிறது, ஆனாலும் கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் தெரிகிற மாதிரி ஜன்னலை மாற்றியிருக்கிறார்கள், கண்ணாடிக்காரர்களுக்கு நல்ல முன்னேற்றம். எப்சனில் உருப்பெருக்கம் சரியாக ஒன்று, இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எடுக்கலாம், 50 மி.மீ. லென்ஸோடு அது தனிச் சுகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கலாம் என்றாலும், எம்9, எம்10-இல் பார்வைப் பவரைத் திருகிச் சரிசெய்யும் சக்கரம் கிடையாது, அதற்கெனத் தனி லென்ஸ் வாங்கித் திருகவேண்டும். இடது கண்ணால் பார்க்கிறவரா? ஜன்னல் இடது ஓரத்தில் இருப்பதால் மூக்கும் கன்னமும் பின்திரையில் அழுந்தும், வலது கட்டைவிரல் முகத்தில் முட்டும். வாங்குமுன் எந்தக் கண் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிமானம். லைக்கா எம் உடல் முன்பக்கம் வழவழவென்று தட்டை, விரலுக்கு மேடு கிடையாது. சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்து, கறுப்பு உலோகம் சூடேறி இருக்கும்போது அது வழுக்கும். அதற்காக உடனே எல்லாத் துணைச் சாமானையும் வாங்கி மாட்டுவது அடுத்த தவறு. கேமரா மேலே ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் சொருகும் கட்டைவிரல் தாங்கி மிக நல்ல சாமான், மணிக்கட்டு வலியைக் குறைக்கும். ஆனால் அது இருக்கும் வரை ஃபிளாஷோ எலக்ட்ரானிக் வியூஃபைண்டரோ மாட்ட இடமில்லை. அடியில் மாட்டும் பெரிய கிரிப் வைத்தால் உயரம் கூடுகிறது, தோல் உறையையும் சேர்த்தால் 38.5 மி.மீ.யை எண்ணி வாங்கிய உடல் எங்கே போயிற்று? ஒன்று போதும். எனக்கு மணிக்கட்டில் சுற்றும் ஒரு வாரும் கட்டைவிரல் தாங்கியும் போதுமாக இருக்கிறது.

அடித்தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. எம்8 முதல் எம்10 வரை பேட்டரியோ கார்டோ மாற்ற அடித்தகடு முழுவதையும் கழற்றவேண்டும். வீட்டு மேசையில் அது பிரச்சினையே இல்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு கையில் உடல், ஒரு கையில் தகடு, பேட்டரி எந்தக் கையில்? நான் தகட்டை வாயில் கவ்விக்கொண்டு ஈரக்கையால் மாற்றியிருக்கிறேன், எம்9-க்கு நீர்த்துளி காப்பு எதுவும் கிடையாது, அந்த ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. எம்11-இல் தகட்டை எடுத்துவிட்டார்கள், பேட்டரி நேராக வெளியே வருகிறது. மில்லிமீட்டரில் எதுவும் மாறவில்லை, கைக்கு எவ்வளவோ மாறிவிட்டது.

இன்னொன்று, ஃபியூஜி எக்ஸ்-ப்ரோவையும் எக்ஸ்100-ஐயும் இதே பட்டியலில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அவை தோற்றத்தில்தான் ரேஞ்ச்ஃபைண்டர், வேலை செய்வது ஆட்டோஃபோகஸில். நல்ல கேமராக்கள், லேசு, முன்னால் விரலுக்குச் சின்ன மேடும் உண்டு. ஆனால் எம்-இல் இடது கை வேலையே வேறு, லென்ஸின் அடியில் இருக்கும் விரல்பிடியைத் தடவியே தூரம் கண்டுபிடிக்கப் பழகும். அந்த விரல்பிடி இருக்கிற லென்ஸா, வெறும் வளையமா என்பது உடலின் தடிமனைவிட உங்கள் நாளை அதிகமாகத் தீர்மானிக்கும். பொதுவாக 0.7 மீட்டருக்கு உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர் ஃபோகஸ் ஆகாது, கூந்தன்குளத்துப் பறவைக்கும் இது ஆகாது, 135 மி.மீ.க்கு மேல் கோடே கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தேவை என்றால் அளவை ஒப்பிடும் வேலையே வேண்டாம்.

தம்பியிடம் கடைசியில் ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். தடித்த அட்டையில் 139-க்கு 80, பருமன் 38.5 என்று ஒரு பெட்டி ஒட்டுங்கள். மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்து, தராசில் 660 கிராம் பார்த்துக்கொள்ளுங்கள், முன்னால் லென்ஸுக்காக 240 கிராமில் ஒரு சின்ன டப்பாவை ஒட்டுங்கள். வாரில் மாட்டி ஒரு நாள் முழுக்கக் கழுத்தில் போட்டு வேலையைப் பாருங்கள், நடுநடுவே கண்ணுக்குக் கொண்டுபோய் ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். செலவு பத்து ரூபாய்கூட இல்லை. அடுத்த வாரமே செய்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அண்ணாச்சி, கழுத்து தாங்குது, மணிக்கட்டுதான் சாயங்காலம் தாங்கல. 130 கிராம் மணலை எடுத்துட்டுப் பார்த்தேன், அது சரியா இருக்கு" என்றார். 530 கிராம். கறுப்பு எம்11-இன் எடை. விலையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் இன்னும் ஒரு வருஷம் காசு சேர்க்கிறேன் என்றார். அதுவரைக்கும் என் எம்9-ஐக் கட்டைவிரல் தாங்கியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், அது 585 கிராம்.