கொலோனில் ரைன் கரையோரப் பழைய ஹோட்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ரைன் நதியை ஒட்டி ஒரு வகை ஹோட்டல்கள் உண்டு. மூன்று நட்சத்திரம், மிஞ்சினால் நான்கு. குளியலறையில் பழுப்பு டைல்ஸ், நடைபாதையில் தடித்த கார்ப்பெட், அறைச் சாவியோடு பையில் வைக்க முடியாத கனத்தில் ஒரு பித்தளைக் குண்டு. விமர்சனங்களைப் படித்தால் பாதிப் பேர் "இடம் அருமை" என்பார்கள், மீதிப் பேர் "அறை அரதப் பழசு" என்பார்கள். இரண்டும் உண்மைதான். என்னைக் கேட்டால் கொடுக்கிற காசுக்கு இவை மோசமில்லை. கதவு கனமானது, படுக்கை விரிப்பு சுத்தமாக இருக்கும், நடந்தே ஊரைச் சுற்றலாம். மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியதைக் கேட்காதவர்கள்.

நதியைப் பார்த்த அறை

முதல் தவறு, "ரிவர் வியூ" என்ற இரண்டு சொல்லுக்கு மயங்கிக் கூடுதல் பணம் கட்டுவது. எந்தக் கரை, கரையில் எந்த இடம் என்று பார்க்க வேண்டும்.

இடது கரையில், பழைய நகரப் பகுதிக்கு முன்னால் ஓடிய கரையோரச் சாலையை 1982-இல் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டார்கள். மேலே இப்போது பூங்கா. அதனால் அங்கே வண்டிச் சத்தம் குறைவு, மனிதச் சத்தம்தான் அதிகம். வெள்ளி, சனி இரவுகளில் பீர்க்கடைகளிலிருந்து வெளியே வரும் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் பாடிக்கொண்டு போகும். ஹோஹென்சோலர்ன் ரயில் பாலத்துக்கு வடக்கே போனால் கதை மாறும். கொன்ராட் அடெனாவர் பெயரில் உள்ள கரையோரச் சாலையில், ஹோட்டல் ஜன்னலுக்கும் நதிக்கும் நடுவே நாள் முழுக்க வாகனங்கள் ஓடும். படத்தில் நதி மட்டும் தெரியும்படி எடுத்திருப்பார்கள்.

ஹோஹென்சோலர்ன் பாலத்துக்குப் பக்கத்திலேயே அறை என்றால், ஒரு நாளைக்கு 1,200-க்கும் மேற்பட்ட ரயில்கள் அந்தப் பாலத்தைக் கடக்கின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். ரயில் சத்தத்தில் நன்றாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

எதிர்க்கரையான டாய்ட்ஸில்தான் உண்மையான காட்சி. 157 மீட்டர் உயரப் பேராலயம், பாலம், பழைய நகரத்தின் கூரைகள் எல்லாம் ஒரே ஜன்னலில் தெரியும். ஆனால் அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி நெருங்கிவிடும். மதியத்திலிருந்து அதுவரை வெயில் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய ஹோட்டல்கள் பலவற்றில் ஏசி கிடையாது. ஜெர்மனிதானே, குளிராகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2019 ஜூலையில் இதே வட்டாரத்தில் 41.2 டிகிரி பதிவானது. கோடையில் அந்த அறையை எடுத்தால் பகல் முழுக்க ஜன்னல் மறைப்பை இறக்கி வையுங்கள், வரவேற்பறையில் மின்விசிறி கேளுங்கள்.

தூக்கம்தான் முக்கியம் என்றால் பின்பக்கம், உள்முற்றத்தைப் பார்த்த அறையைக் கேட்பதே புத்திசாலித்தனம். விலையும் பெரும்பாலும் குறைவு. நதியைக் கரையில் இறங்கி இலவசமாகப் பார்க்கலாம்.

படம் ஒன்று, அறை ஒன்று

இந்த ஹோட்டல்கள் மொத்தமாகப் புதுப்பிப்பதில்லை. இந்த வருடம் இரண்டு மாடி, காசு வந்தால் இன்னும் ஒரு மாடி. இணையத்தில் போடுவது புதுப்பித்த மாடியின் படம், மலிவு விலைக்குக் கிடைப்பது மற்ற மாடி. பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: எனக்குத் தரும் அறை புதுப்பித்ததா? புகை பிடிக்காத அறையா? லிஃப்ட் அந்த மாடி வரை போகுமா, இல்லை நடுவில் படி ஏற வேண்டுமா? வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பழைய குளியலறைகளில் ஷவர், தொட்டிக்கு மேலே இருக்கும். குளிக்க வேண்டுமானால் முழங்கால் உயரத் தொட்டிச் சுவரைத் தாண்டி, வழுக்கும் எனாமலில் கால் வைக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு அது ஆபத்து. தனி ஷவர் அறை கேட்டு வாங்குங்கள்.

தேதியிலும் கோட்டை விடுகிறார்கள். கொலோனின் பெரிய வணிகக் கண்காட்சி வளாகம் டாய்ட்ஸில் இருக்கிறது. ஆகஸ்டில் கேம்ஸ்காம் என்ற வீடியோ கேம் கண்காட்சி, ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபரில் அனுகா உணவுக் கண்காட்சி. அந்த வாரங்களில் இதே பழைய அறை இரண்டு, மூன்று மடங்கு விலைக்குப் போகும். கார்னிவல் திருவிழா நாட்களும், அதன் பருவம் தொடங்கும் நவம்பர் 11-ம் அப்படித்தான், கூடவே சத்தமும். கண்காட்சி நாட்காட்டியைப் பார்க்காமல் தேதியை முடிவு செய்யாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலையையும் விசா கைக்கு வராமல் தொட வேண்டாம்.

இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பது நம்மவர்களின் பழைய வழக்கம். அங்கே எடுபடாது. இரட்டைப் படுக்கை என்பது பெரும்பாலும் ஒரே சட்டத்தில் இரண்டு தனி மெத்தை, இரண்டு தனிப் போர்வை. நடுவில் பிளவு இருக்கும், குழந்தையைப் போட முடியாது. வயதைச் சொல்லிக் கூடுதல் படுக்கை கேட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

சென்னையிலிருந்து நேராக வரும் விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் காலையிலேயே இறங்கிவிடும். அங்கிருந்து அதிவேக ரயிலில் கொலோனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புங்கள், சண்டை போட்டுப் பயனில்லை. சில ரயில்கள் முதன்மை நிலையத்துக்குப் போகாமல் மெஸ்ஸே/டாய்ட்ஸ் நிலையத்தில் மட்டும் நிற்கும், டிக்கெட்டைப் பார்த்து இறங்குங்கள். இரவு தாமதமாக வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சின்ன ஹோட்டல்களில் இரவில் வரவேற்பறையில் ஆளே இருக்க மாட்டார்கள். பதிவுப் படிவம் 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மன் குடிமக்களுக்கு இல்லை, நமக்கு உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

அறைக்குள் முதலில் பயமுறுத்துவது ஜன்னல். கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு, கிடைமட்டமாக இருந்தால் கதவுபோல் உள்பக்கம் திறக்கும், மேலே திருப்பினால் தலைப்பகுதி மட்டும் சாய்ந்து காற்று வரும். திறந்த நிலையிலேயே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டால் ஜன்னல் ஒரு மூலையில் தொங்கி, கையோடு வந்துவிடும்போல ஆடும். உடைந்துவிடவில்லை. சட்டத்தோடு சேர்த்து அழுத்தி மூடி, கைப்பிடியைக் கீழே கொண்டுவந்தால் சரியாகிவிடும். ஹீட்டர் குமிழை 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்பதும் தப்பு. அந்த எண் வேகத்தை அல்ல, எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 3 என்றால் சுமார் 20 டிகிரி, அது போதும்.

குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஷவருக்கு வெளியே வடிகால் இல்லாத குளியலறைதான் அதிகம், தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு வரும். பிளாஸ்டிக் குவளை கொண்டுபோவதில் தப்பில்லை, தொட்டிக்குள்ளேயே பயன்படுத்துங்கள்.

ரைஸ் குக்கரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அறையில் தாளித்தால் புகை உணர்கருவி அலறும். பல ஹோட்டல்களில் அது தீயணைப்பு நிலையத்தோடு இணைந்தது, வண்டி வந்து நின்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். கெட்டில் கேட்டால் கொடுப்பார்கள், உடனடி நூடுல்ஸ், உப்புமா வகையறாக்களுக்கு அது போதும். காலை உணவில் சைவர்களுக்கு ரொட்டி, சீஸ், தயிர், பழம் கிடைக்கும். தட்டில் அடுக்கியிருக்கும் இறைச்சித் துண்டுகளில் பெரும்பாலானவை பன்றி, சந்தேகமிருந்தால் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். முதன்மை ரயில் நிலையத்துக் கடைகளே கதி. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

குறை இருந்தால் அன்றைக்கே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே பொறுத்துவிட்டுக் கிளம்பும் நாளில் பட்டியல் போட்டால், "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுவார்கள். நாற்றமா, சத்தமா, வெந்நீர் வரவில்லையா, ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி வேறு அறை கேளுங்கள். காலியாக இருந்தால் மாற்றித் தருவார்கள்.

கணக்கு முடிக்கும்போது அறை வாடகையில் 5 சதவீதம் நகர வரி தனியாக இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று குதிக்க வேண்டாம், அது மாநகராட்சிக்குப் போவது. முன்பதிவுத் தொகையிலேயே அது சேர்ந்திருந்ததா என்று மட்டும் ரசீதில் சரிபாருங்கள்.