புலனாய்வுச் செய்தித் தளத்துக்குச் சந்தா கட்டுவோர் அறிய வேண்டியவை

2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற செய்தியாளர், கொடுப்பவர் பெயர் வெளியாகாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களில், ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி ஆய்வகச் சோதனைக்குக் கொடுத்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாமல், புற ஊதா ஒளியில் மட்டும் புலப்படும் எண் ஒன்று அவற்றில் இருப்பது தெரியவந்து, தி குவின்ட் தளத்தில் செய்தியானது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தையே ரத்து செய்தபின், பாரத ஸ்டேட் வங்கி மார்ச் 21 அன்று ஒப்படைத்த விவரங்களில் இருந்த அந்த எண்களைக் கொண்டுதான், யார் கொடுத்த பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. அந்த நாள்களில் நியூஸ்லாண்ட்ரி, தி நியூஸ் மினிட், ஸ்க்ரோல் ஆகிய தளங்களின் செய்தியாளர்கள் கூட்டாக உட்கார்ந்து, பத்திரம் வாங்கிய நிறுவனங்களின் பெயர்களை வருமான வரித் துறை, அமலாக்கத் துறைச் சோதனைகளின் தேதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். நாம் கட்டும் சந்தா இத்தகைய வேலைக்கான நாள்களையே வாங்கித் தருகிறது. அந்த நாள்களில் சில, செய்தி எதுவும் கிடைக்காமலேயே கழியும் என்பதையும் ஏற்றுக்கொண்டே பணம் கட்ட வேண்டும்.

எந்தத் தளத்துக்குக் கட்டுவது என்பதில் அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று மாதங்கள் அவர்களுடைய இலவசச் செய்திகளைப் படித்து, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு அதையும் வெளியிடுகிறார்களா, தவறு நேர்ந்தால் திருத்தத்தை அதே பக்கத்தில் தெரியும்படி போடுகிறார்களா, ஆவணத்தையே வாசகர் பார்க்கக் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாத தளத்தை நான் ஒதுக்கிவிடுவேன். 2012இல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி விளம்பரம் வாங்குவதில்லை என்பதை வெளிப்படையாக அறிவித்து, வாசகர் சந்தாவை நம்பி நடக்கிறது. குறிப்பிட்ட ஒரு புலனாய்வுக்கு மட்டும் பணம் திரட்டும் ‘சேனா’ முறையும் அங்கு உண்டு. ஆண்டுச் சந்தா கட்ட இயலாதவர்களுக்கு அது நல்ல வழி.

சந்தாவும் நன்கொடையும் வேறு வேறு. சந்தாவுக்கு வரிவிலக்கு இல்லை. நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் சான்று (80ஜி என்று அறியப்பட்டது) பெற்ற லாப நோக்கற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு, பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள் கழிவு கோரலாம். ஆனால் அந்தத் தகுதி நிலையானதன்று. ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பின் வரிவிலக்குத் தகுதியை வருமான வரித் துறை 2025 ஜனவரியில் ரத்து செய்தது. எனவே பணம் அனுப்பும் நாளில் சான்று நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் இந்தியத் தளம் ஒன்றுக்கு நன்கொடை தருவதற்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தடையாகலாம் என்பதால், முதலில் அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் எழுதி விசாரிப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. என்னுடைய வங்கி அட்டை ஒருமுறை காலாவதியாகி, புது அட்டையின் எண்ணை நான் பதிவு செய்யாமல் விட்டதில், ஐந்து மாதங்கள் சந்தா நின்றுபோயிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரமென்று நினைத்து அழித்துவிடாதீர்கள். மாதச் சந்தா இப்படி அடிக்கடி அறுபடும். கையில் பணம் இருந்தால் ஆண்டுச் சந்தாவே மேல், ஏனெனில் அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு செய்தியாளரைக் களத்துக்கு அனுப்பலாமா என்று ஆசிரியர் கணக்குப் போடுவதற்கு உறுதியான தொகை ஒன்று அவர் முன்னால் இருக்கும்.

சந்தாதாரர்களுக்கான கட்டுரையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாமல், சந்தா இல்லாதவரும் படிக்கக்கூடிய பரிசு இணைப்பைத் தளமே தந்தால் அதை அனுப்புங்கள். நமக்குப் பிடித்த கட்சியைப் பற்றிய செய்தி வந்த அன்று கோபத்தில் சந்தாவை நிறுத்த வேண்டாம். ஆதாரம் சரியில்லை என்று பட்டால், எந்த வரி, எந்த ஆவணம் என்று குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதி, பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.