நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவியின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் என்ற சொல்லை ஹெ, லி, காப், டர் என்று பென்சிலால் நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றின் கீழும் 'அர்த்தம்?' என்று எழுதியிருந்தாள். படிக்கிற காலத்தில் என் நோட்டிலும் இதே கோடுகள்தான் இருந்தன.

அசையில் அர்த்தம் தேடுவது

அவள் கோடு போட்ட இடங்கள் உச்சரிப்புக்குச் சரியானவை. அந்தத் துண்டுகளுக்கே அர்த்தமும் இருக்கும் என்று நம்பியதுதான் தப்பு. 'நடந்தான்' என்பதை அலகிட்டால், அதாவது அசை பிரித்தால், நடந்/தான்: நிரை, நேர். பகுதி, விகுதி என்று பகுபதமாகப் பிரித்தால் நட + த் + த் + ஆன். முதல் 'த்' 'ந்' ஆனது விகாரம். ஒரு சொல்லை இரண்டு விதமாகப் பிரிப்பது நமக்குப் பள்ளியிலேயே பழக்கம். ஆங்கிலம் என்றதும் மறந்துவிடுகிறோம்.

ஹெலிகாப்டரில் இருப்பவை இரண்டு கிரேக்க வேர்கள். சுருளைக் குறிக்கும் ஹெலிகோ, இறக்கையைக் குறிக்கும் ப்டெர். அதாவது, பொருள் பிரியும் இடம் 'காப்' என்ற அசையின் உள்ளேயே விழுகிறது. டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் அதே இறக்கைதான். அங்கே முதல் எழுத்தான 'பி' ஒலிப்பதில்லை.

எழுத்துப்பிழைகளும் இங்கிருந்து வருகின்றன. டிஸப்பாயின்ட்மென்ட் என்ற சொல்லைக் காதை நம்பி, 'எஸ்' இரண்டு, 'பி' ஒன்று என்று பல வருடம் எழுதினேன். வேலைக்கான விண்ணப்பத்தில்கூட அப்படியே போனது. டிஸ் + அப்பாயின்ட் + மென்ட் என்று பிரித்துப் பார்த்த அன்றுதான் புரிந்தது: 'எஸ்' ஒன்று, 'பி' இரண்டு. டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் என்பதில் டிஸ்ஸுக்கு அப்புறம் வரும் சொல்லும் 'எஸ்'ஸில் தொடங்குவதால் அங்கே 'எஸ்' இரண்டு.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இன்ஃப்ளேமபிள். முதல் அசை 'இன்' என்றதும், அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெயின்ட் கரைப்பான் டப்பாவில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, 'தீப்பிடிக்காது' என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, வேறொருவர் பார்த்து எடுத்துவிட்டார். அந்தச் சொல் இன்ஃப்ளேம் + ஏபிள். இன்ஃப்ளேம் என்றால் தீ மூட்டுவது. இந்த 'இன்' இலத்தீனில் 'உள்ளே' என்று பொருள்படும் முன்னொட்டு. ஆகவே, எளிதில் தீப்பற்றக்கூடியது என்று அர்த்தம். ஃப்ளேமபிள் என்றாலும் அதேதான். தீப்பற்றாததற்கு நான்ஃப்ளேமபிள்.

அதனால் சொல்லை வால் பக்கத்திலிருந்து உரியுங்கள். முதலில் விகுதியைக் கழற்றி, மிஞ்சுவது நிஜமான சொல்தானா என்று பாருங்கள். முன்னொட்டு அதற்கப்புறம்.

தமிழில் எழுதி எண்ணுவது

ஸ்ட்ரெங்த். தமிழில் எழுதினால் ஐந்து எழுத்து. ஆங்கிலத்தில் ஒரே அசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதுதான் கணக்கு. ஃபிலிம் என்று நாம் இரண்டாகச் சொல்வதும் அங்கே ஒன்றுதான். 'எல்'லுக்கும் 'எம்'முக்கும் நடுவில் உயிரொலி கிடையாது.

அங்கிளில் 'அன்' தேடுவது

வேண்டாம். அது பகாப்பதம், பிரிக்க முடியாத சொல். 'இல்லை' என்று பொருள்படும் 'அன்' அதில் கிடையாது.