வீட்டைப் பூட்டிவிட்டு வேனில் குடியேறுவது எப்படி: கொங்குப் பக்கத்தில் தொடங்குகிறவர்களுக்கு

வேன் வீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த வண்டி வாங்கலாம்?" என்றுதான். வண்டி மூன்றாவதாக வர வேண்டிய விஷயம். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் வண்டியின் அளவு தானாகத் தெரியும். கீழே வரும் கணக்கெல்லாம் இரண்டு பேருக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்து வெயிலையும் காற்றையும் வைத்துப் போட்டது.

படி 1: வீட்டுக்குள்ளேயே ஒத்திகை

ஒரு அறையில் பத்தடிக்கு ஆறடி சாக்பீஸால் கோடு போடுங்கள். நடுத்தர வேனின் உள்தரை ஏறத்தாழ இவ்வளவுதான். படுக்கை, துணி, சமையல் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் ஒரு வாரம் நடக்கட்டும். தண்ணீருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. அதற்கு மேல் குழாயைத் திறக்கக் கூடாது. ஏசி, கிரைண்டர் கிடையாது.

மூன்றாம் நாளே சில விஷயங்கள் விளங்கிவிடும். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் எங்கே உட்காருவது, ஈரத்துண்டை எங்கே காயப்போடுவது, பாத்திரம் கழுவ எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதெல்லாம் பைசா செலவில்லாமல் தெரிந்துபோகும்.

படி 2: கரண்ட் கணக்கு

இந்தக் கணக்கில்தான் அவசரம் கூடாது. ஒரு நாளைய செலவை வாட் அவரில் எழுதுங்கள் (1,000 வாட் அவர் ஒரு யூனிட்).

12 வோல்ட் மின்விசிறி, 30 வாட், 10 மணி நேரம்: 300
40 லிட்டர் கம்ப்ரஸர் பிரிட்ஜ், 45 வாட், பாதி நேரம் ஓடினால்: 540
எல்ஈடி விளக்கு நாலு, தலா 5 வாட், 5 மணி நேரம்: 100
லேப்டாப், போன்: 250
தண்ணீர் பம்ப், 60 வாட், அரை மணி நேரம்: 30

மொத்தம் 1,220. அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

200 ஏஹெச் (ஆம்பியர் அவர்) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் (12.8 வோல்ட்) 2,560 வாட் அவர் இருக்கும். அதில் 80 சதவீதம் எடுத்தால் 2,048. வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாள் தாங்கும். விலை குறைவு என்று வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியைத் தூக்கிப் போட வேண்டாம். 150 ஏஹெச் ஒன்றே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் கிடைப்பது 900 வாட் அவர்தான். போதாததற்கு, சார்ஜ் ஆகும்போது வாயு வேறு வரும். நீங்கள் தூங்குவது அதற்குப் பக்கத்தில்.

சோலார் 400 வாட் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். அந்தக் கணக்குப்படி 1.6 யூனிட் வர வேண்டும். கூரையில் படுத்த வாக்கில் இருக்கும் பேனலில் தூசியும் சூடும் சேர்ந்து 1.2 ஆக்கிவிடும். பேனலைக் கூரையோடு ஒட்டிவிடாதீர்கள். கீழே ஒரு அங்குலமாவது இடைவெளி விட்டால் காற்று போகும். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறையும். சித்திரை மத்தியானத்தில் 65 டிகிரி சர்வ சாதாரணம்.

ஓடும்போதும் சார்ஜ் ஏற, இன்ஜின் பேட்டரிக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைக்க வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் முக்கால் யூனிட் ஏறும். அது இல்லாமல் நேரடியாக ஒயர் கொடுத்தால் லித்தியம் பேட்டரி ஆல்டர்னேட்டரை (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருவது) அதன் கடைசி ஆம்பியர் வரை உறிஞ்சும். ஆல்டர்னேட்டரின் செம்புச் சுருள் கருகுவது அப்படித்தான்.

"பேட்டரி நிறைய இருக்குது, ஆனா பிரிட்ஜ் லோ வோல்டேஜ்னு நின்னுக்குது" என்ற புகார் அடிக்கடி வரும். அதில் பேட்டரியின் மேல் தப்பில்லை, ஒயர்தான் காரணம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்தால், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 10 ஆம்பியர் போகும்போது ஒன்றே முக்கால் வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பிரிட்ஜுக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போடுங்கள். வீட்டு எலக்ட்ரீஷியன் 230 வோல்ட் பழக்கத்தில் மெல்லிய ஒயர் போதும் என்பார். கேட்காதீர்கள்.

மிக்ஸி இல்லாமல் முடியாது என்றால் 1000 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர், பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள், 35 ஸ்கொயர் எம்எம் கேபிளில். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 ஆம்பியர் பியூஸ். லித்தியம் ஷார்ட் ஆனால் பாயும் கரண்டுக்குக் கார் பிளேட் பியூஸ் தாங்காது. கிளாஸ் டி (Class T) பியூஸ் என்று கேட்டு வாங்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். அரை மணி நேரத்தில் முக்கால் யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும்.

படி 3: வண்டி, ஆர்சி, பட்டறை

இரண்டு பேர் நின்று நடமாட ஃபோர்ஸ் டிராவலர் அல்லது டாடா விங்கர் போதும். ஈகோ மாதச் சுற்றுக்கு ஆகும், குடித்தனத்துக்கு ஆகாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்சி நகலோடு உங்கள் ஆர்டிஓ ஆபீஸ் போய் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். சீட்டைக் கழற்றிப் படுக்கை போடுவது, கூரையை வெட்டுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வரும் மாற்றம். முன் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரம் தனியாக இருக்கிறது. உங்கள் வண்டிக்கு எந்த வழி பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டி மலிவாக இருக்கும். பெர்மிட்டை ஒப்படைத்து, வரி கட்டி, சொந்த உபயோகத்துக்கு மாற்றும் செலவையும் சேர்த்தால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கிளெய்ம் நிற்காது.

பாடி வேலைக்குக் கரூர் பஸ் பட்டறைகளும் நாமக்கல், திருச்செங்கோடு லாரி பட்டறைகளும் பக்கத்திலேயே இருப்பது நமக்குக் கொடுப்பினை. ஆனால் அவர்கள் கை பஸ்ஸுக்கும் லாரிக்கும் பழகியது. கெட்டியாகச் செய்து தருகிறேன் என்று இரும்புச் சதுர பைப்பும் 18 எம்எம் பிளைவுட்டும் போடுவார்கள். எட்டுக்கு நாலு 18 எம்எம் பிளை ஒன்று 32 கிலோ அளவில் வரும். 12 எம்எம் 21 கிலோ. ஆறு ஷீட்டில் 66 கிலோ வித்தியாசம், கூட ஒரு ஆளை ஏற்றின மாதிரி. அலமாரிக்கு 12, தடுப்புக்கு 6, சட்டத்துக்கு அலுமினியம் என்று பேசி எழுதி வாங்குங்கள்.

சூடு இறங்காமல் இருக்கக் கூரைக்கு உள்பக்கம் 25 எம்எம் நைட்ரைல் ஃபோம், மேலே வெள்ளை பெயின்ட், நடுவில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன். கண்ணாடிக் கம்பளி வேண்டாம். ஊட்டிப் பக்கம் போனால் ஈரம் குடித்துத் தகரத்தை அரிக்கும்.

வேலை முடிந்ததும் எடை மேடையில் ஏற்றுங்கள். டேங்க் நிறையத் தண்ணீர், டீசல், நீங்கள் இருவர், சாமான் எல்லாம் இருக்க வேண்டும். முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாகப் போட்டு, ஆர்சியில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். மொத்தம் தாண்டியிருந்தால் சாமானைக் குறைக்க வேண்டியதுதான். டயரில் காற்றைக் கூட்டிச் சமாளிப்பது மலையில் பல்லைக் காட்டிவிடும்.

படி 4: தண்ணீர், கழிவு

100 லிட்டர் ஃபுட் கிரேடு டேங்க், உள்ளே தடுப்புத் தகடு உள்ளதாக, பின் அச்சுக்கு முன்னால், தரையோடு. தடுப்பில்லாத டேங்க் பாதி காலியானால் கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக மோதி வண்டியை ஆட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70. அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது.

நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, கடினம். பம்பின் வால்வில் வெள்ளைப் படிவம் பிடித்து, தண்ணீர் வராமல் மோட்டார் மட்டும் உறுமும். பம்புக்கு முன்னால் கழற்றிக் கழுவும் வடிகட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை அரை லிட்டர் வினிகரைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து ஓடவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். குடிக்கத் தனிக் கேன். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் நிரப்பிக்கொள்ள மறக்காதீர்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, தோட்டத்துக்காரர் காட்டும் தென்னங்குழியில் ஊற்றலாம். வாய்க்காலில் ஊற்றக்கூடாது. கேசட் டாய்லெட்டை (கழிவுப் பெட்டியைத் தனியாகக் கழற்றி எடுக்கும் கழிப்பறை) செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில் மட்டும் காலி செய்யுங்கள்.

படி 5: கேஸ்

5 கிலோ சிலிண்டர் போதும். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடித்தகட்டில் இரண்டு அங்குல ஓட்டை போட்டு வெளிக்காற்றுக்குத் திறந்து விடுங்கள். மேலே ஜன்னல் திறந்திருப்பது கணக்கில்லை. ஒவ்வொரு முறை மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். சமைக்கும்போது கதவு திறந்திருக்கட்டும்.

படி 6: வீட்டை விடுவது

வீட்டு சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டையும் டெர்மினேஷன் வவுச்சரையும் வாங்குங்கள். திரும்பி வந்து கனெக்‌ஷன் எடுக்க அது வேண்டும். வாடகைக்கு விட்டால் எழுத்து ஒப்பந்தம், பதிவோடு. ஆதார், பேங்க், லைசென்ஸ் முகவரியை மாற்றாமல் நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரைத் தபால் வாங்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு வீட்டை விற்கும் பேச்சே எடுக்காதீர்கள்.

படி 7: ராத்திரி நிறுத்துவது

ஐந்து மணிக்குள் இடம் பார்த்துவிடுங்கள். இருட்டியபின் தோட்டத்துக்குள் விளக்கு போட்டுக்கொண்டு நுழைந்தால் நாய் குரைக்கும், ஆள் சந்தேகப்படுவார். வண்டியை ரோட்டிலேயே விட்டு, நடந்து போய்க் கேளுங்கள்: "ஏனுங்க, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் களத்தோரமா வண்டிய நிறுத்திக்கலாமுங்களா? காத்தால கெளம்பிருவோமுங்க." இப்படிக் கேட்டால் பெரும்பாலும் இடத்தோடு மோரும் கிடைக்கும்.

இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த தோட்டத்து வழியில், நிறுத்தாதீர்கள். விடியக் காலை பால் வண்டி போக வழி இருக்காது, கிளுவை வேலி பெயின்டையும் கீறும். வாய்க்கால் கரையும் கூடாது. மண் இளகியிருந்தால் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் நிழலுக்கு ஆசைப்பட்டுத் தென்னை மரத்தடியில் நிறுத்தினால் ஒரே நெற்றில் பேனல் கண்ணாடி போகும். புளியமரம் பார்த்து நிறுத்துங்கள். ஆனால் நிழலில் சோலார் படுத்துவிடும். அதற்காக ஐந்து மீட்டர் ஒயரோடு மடக்கும் 100 வாட் பேனல் ஒன்றைக் கையிருப்பில் வைத்து வெயிலில் விரியுங்கள்.

ஆடியில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அப்படியே பொருந்தும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று காற்றாலை நிற்கும் இடமெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பக்கப் பந்தலை விரிக்கவே கூடாது. மூக்கு மேற்கே பார்க்க நிறுத்துங்கள். பக்கவாட்டில் வாங்கினால் ராத்திரி முழுக்க வண்டி ஆடும்.

காட்டுச் சாலைகளில், முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை எதிலும், தங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். திம்பத்தில் இரவுக் கட்டுப்பாடு உண்டு. பண்ணாரி செக்போஸ்டை எந்த நேரத்துக்குள் தாண்ட வேண்டும் என்று உங்கள் வண்டி எடைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கண்டால் அங்கே பிடுங்குவார்கள்.

படி 8: முதல் மாதம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் தொடங்குங்கள். கரூர், ஈரோட்டில் வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி மலைச்சாலைகளில் மண் சரியும் என்பதால் அந்த மாதங்களை விட்டுவிடலாம்.

முதல் ராத்திரியைச் சொந்த வாசலில், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேனிலேயே தூங்குங்கள். அடுத்து மூன்று நாள் மாமன் தோட்டத்திலோ பங்காளி தோட்டத்திலோ. பிறகு சமவெளியில் ஒரு வாரம். மலை அதற்கப்புறம்தான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கில் கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

டீசல் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றே கணக்கு வையுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் பட்ஜெட் நிற்காது. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட், பேட்டரி டெர்மினல், பேனல் போல்ட் மூன்றையும் ஸ்பேனர் வைத்து முறுக்கிப் பாருங்கள். புதிதாகக் கட்டிய பாடியில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.