பாம்பன் பாலத்தின் ஐந்து கண்கள்: எச்.ஓ. அளவில் கடற்பாலக் காட்சி அமைக்கும் முறை

மாதிரி ரயில் அமைப்பில் பாலம் கட்ட விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் பாலத்திலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். உண்மையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, நீர்மட்டத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே உள்ள உயரம். அது முடிவானால் தூணின் உயரம், கரையின் உயரம், கர்டரின் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரத்தின்) ஆழம் ஆகிய மூன்றும் தாமாகவே அமைந்துவிடும். அதை விட்டுவிட்டுப் பாலத்தைத் தனியாகச் செய்து பிறகு பொருத்த முயன்றால், எங்காவது ஓரிடத்தில் தண்டவாளம் மேடாகவோ பள்ளமாகவோ நின்றுவிடும்.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள அந்தப் பாலத்தில், கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும், நடுவிலுள்ள ஷெர்சர் தூக்குப் பகுதியே புகைப்படங்களில் அதிகம் இடம்பெறுகிறது. ஆனால் பாலத்தின் பெரும்பகுதி, சுமார் 12.2 மீட்டர் நீளமுள்ள எளிய தட்டு கர்டர்கள் நூற்றுக்கும் மேலாக வரிசையாக நிற்பதுதான். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் ஒன்றைச் சரியாகச் செய்யக் கற்றவருக்கு மற்றவை கைப்பழக்கமாகிவிடும் என்பதாலும், தூக்குப் பகுதி முதல் முயற்சிக்கு உகந்ததல்ல என்பதாலும், இங்கே ஐந்து கண்களை, அதாவது தூணுக்குத் தூண் உள்ள ஐந்து பகுதிகளை, மட்டும் அமைக்கிறோம்.

அளவுகள்

எச்.ஓ. அளவு என்பது உண்மையை 87-இல் ஒரு பங்காகக் குறுக்குவது (1:87) என்பதால் 12.2 மீட்டர் கண் 140 மி.மீ. ஆகிறது, ஐந்து கண்களுக்கு 700 மி.மீ., இரு கரைகளுக்கும் தலா 150 மி.மீ. என்று 1000 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் கொண்ட 12 மி.மீ. பிளைவுட் பலகை போதும். பலகையின் மேற்பரப்பே கடல்மட்டம். தூண் 40, அதன் மேல் தாங்கித் தகடு 1, கர்டர் 14 என்று கூட்டினால் 55 மி.மீ. வருகிறது. கரையில் 50 மி.மீ. ஃபோம் பலகையும் 5 மி.மீ. கார்க் தாளும் சேர்ந்தால் அதே 55 வந்துவிடும். உண்மைப் பாலத்தின் உயரத்தை இம்மியும் பிசகாமல் குறுக்கியதல்ல இந்தக் கணக்கு. கடைகளில் கிடைக்கும் தடிமன்களுக்கு ஏற்பக் கண்ணளவில் வைத்தது.

தண்டவாள அகலத்தைப் பற்றி ஒரு சொல். பாம்பன் 2007 வரை மீட்டர் கேஜ், பிறகு அகலப்பாதை. அகலப்பாதையின் 1676 மி.மீ. இந்த அளவில் 19 மி.மீ.-க்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. மட்டுமே. இந்த வித்தியாசம் ரயிலை நேர் எதிரே நின்று பார்த்தால்தான் தெரியும் என்பதால், தொடக்கத்தில் இதற்காகத் தனித் தண்டவாளம் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

கரையும் தூண்களும்

இரு முனைகளிலும் ஃபோம் பலகையை ஃபெவிகாலால் ஒட்டி, ஓர் இரவு எடை வைத்து உலர விடுங்கள். கரைப்பான் கலந்த ரப்பர் பசையும் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலையும் ஃபோமையும் அரித்துவிடும். நீரில் கரையும் பசையும் அக்ரிலிக் வண்ணமும் மட்டுமே பாதுகாப்பானவை.

நடுவில் நான்கு தூண்கள், இரு ஓரங்களில் கரைச்சுவர்கள். ஃபோமில் வெட்டும் தூண் ஒவ்வொன்றும் தண்டவாளத்திற்குக் குறுக்கே 40 மி.மீ., நீளவாட்டில் 16 மி.மீ. இருக்கட்டும்; நீரோட்டத்தை எதிர்கொள்ளும் இரு முனைகளையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மெல்ல அழுத்திக் கோடிட்டால் கல்வரிசை தெரியும். பிறகு சாம்பல் நிற அக்ரிலிக் பூசி, நீர்த்த கறுப்பைக் கோடுகளில் இறங்க விடுங்கள். தூணின் அடியில் 8 மி.மீ. உயரத்திற்கு மட்டும் கரும்பச்சைப் பட்டை போதும். அந்தக் கடலில் ஓத ஏற்ற இறக்கம் குறைவு. பட்டை உயரமாக இருந்தால் காட்சி வேறு ஏதோ கடற்கரையைப் போலாகிவிடும். பட்டையின் மேல் விளிம்பில், ஏறத்தாழ உலர்ந்த தூரிகையின் நுனியால் வெள்ளைப் புள்ளிகளைக் குத்தினால் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கிடைத்துவிடும்.

கர்டர்கள்

இந்த வேலையில் நேரம் செலவிடத் தகுதியான பகுதி இதுதான். 1 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தாளில் 138 மி.மீ. நீளமும் 13 மி.மீ. உயரமும் உள்ள பட்டைகள் பத்து வெட்டுங்கள். கண் ஒன்றுக்கு இரண்டு மி.மீ. குறைத்திருப்பது வேண்டுமென்றேதான், தூணின் மேல் இரு கர்டர்களின் நுனிகளுக்கு இடையே அந்தச் சிறு இடைவெளி தெரிந்தால்தான் ஒவ்வொரு கண்ணும் தனித்து நிற்பது புலப்படும். பட்டையின் மேலும் கீழும் 4 மி.மீ. அகல, 0.5 மி.மீ. தடிமன் தாளை ஒட்டினால் மொத்த ஆழம் 14 மி.மீ. ஆகி, குறுக்குவெட்டு ஆங்கில 'I' வடிவம் பெறும்.

பத்தும் ஒன்றுபோல அமைய ஓர் அச்சுப் பலகை அவசியம்: ஒரு தட்டையான அட்டையில் இரண்டு மரக்குச்சிகளை நேராக ஒட்டி, நடுவில் பட்டையை நிறுத்தி, 14 மி.மீ. இடைவெளியில் பென்சில் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளுக்கு நேராகச் செங்குத்து விறைப்புப் பட்டைகளை வெளிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். தட்டு கர்டரைப் பக்கவாட்டில் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்தப் பட்டைகளின் நிழல்தான். அவை சாய்ந்தாலோ இடைவெளி மாறினாலோ பாலம் முழுவதும் கோணலாகத் தோன்றும். ரிவெட்டுகளை இந்த அளவில் விட்டுவிடலாம். ஊசியால் குத்திச் செய்பவை பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடுகின்றன.

இரண்டு கர்டர்களை மையத்திலிருந்து மையத்திற்கு 20 மி.மீ. தள்ளி நிறுத்தி, முனைகளிலும் நடுவிலும் பெருக்கல் குறி வடிவில் குறுக்குப் பட்டைகளால் இணையுங்கள். 140 மி.மீ. நீளத்திற்கு இந்த அமைப்பு எஞ்சினைத் தாங்கும். வலிமைக்காக நடுவே மரக்கட்டை செருகும் யோசனையைத் தவிர்க்கவும்: ஜல்லி இல்லாத இந்தப் பாலத்தில் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே கீழே கடல் தெரிய வேண்டும்.

நிறம் அலுமினியப் பூச்சின் மங்கிய வெள்ளி. கடை வெள்ளியை அப்படியே பூசினால் பொம்மைபோல மின்னும் என்பதால் அதில் சாம்பல் நிறத்தைப் பாதிக்குப் பாதி கலக்குங்கள். உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது நீர் தேங்கும் இடங்களில்: கீழ்த்தட்டின் மேற்பக்கம், விறைப்புப் பட்டையின் அடி, கர்டரின் நுனி. அங்கே மட்டும் செம்பழுப்பை ஈரப் பஞ்சால் ஒற்றி, ஒன்றிரண்டு இடங்களில் தூணின் முகப்பிலும் ஒரு கறையை வழியவிடுங்கள்.

தண்டவாளம்

கரை முதல் கரை வரை ஒரே துண்டாக ஃப்ளெக்ஸ் தண்டவாளம் (வளையக்கூடிய நீளத் தண்டவாளம்) இடுங்கள். பாலத்தின் மேல் இணைப்பு வேண்டாம். ஸ்லீப்பர்களுக்கு இடையே உள்ள பிளாஸ்டிக் இணைப்புகளைப் பாலப் பகுதியில் வெட்டி எடுத்துவிட்டு, கட்டைகளைச் சற்று நெருக்கி அமைத்தால் பாலப்பாதையின் தோற்றம் வந்துவிடும். செலவைப் பொருட்படுத்தாதவர்களுக்கு மைக்ரோ எஞ்ஜினியரிங் நிறுவனத்தின் பாலத் தண்டவாளம் நெருக்கமான கட்டைகளுடனே கிடைக்கிறது.

தடம் புரளும் சக்கரத்தைப் பாலத்திலிருந்து விழாமல் காக்கும் காப்புத் தண்டவாளங்களை, ஓடும் தண்டவாளத்தின் உட்புறம் ஏறத்தாழ 3 மி.மீ. தள்ளி ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். அவை ஓடும் தண்டவாளத்தைவிட உயரமாக இருக்கக் கூடாது. கரையில் இரண்டும் வளைந்து கூடும் நுனியில் 1 மி.மீ. இடைவெளி கட்டாயம், அவை ஒன்றையொன்று தொட்டு, இருபுறமும் உலோகச் சக்கரம் உரசினால் மின்சுற்று குறுக்கிணைந்துவிடும்.

கடல்

பலகையின் துளைகளை வால் புட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகே தூண்களை நிறுத்த வேண்டும். கரையோரம் மணல் நிறம், அடுத்துப் பசுமை கலந்த நீலம், நடுவில் சற்று ஆழ்ந்த நீலம். மூன்றையும் ஈரம் காயும் முன் அகலத் தூரிகையால் ஒன்றோடொன்று கலக்குங்கள். பாக் விரிகுடாப் பக்கத்திற்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்திற்கும் நிறத்தைச் சற்று மாற்றலாம். பட்டையான பாறைத் திட்டுகள் சிலவற்றை நீருக்குச் சற்று மேலே தெரியும்படி வைத்தால் அந்த இடத்தின் சாயல் கிடைக்கும்.

வண்ணம் காய்ந்ததும் பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைப் பரப்பி, தூரிகையால் ஒற்றி ஒற்றிச் சிற்றலைகளை எழுப்புங்கள். ரெசினைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை: அது கண்ணாடிபோல் அசைவற்று நிற்கும், தூண்களில் ஏறும், தடிமனாக ஊற்றினால் வெப்பமடைந்து ஃபோமையும் கெடுக்கும். பருவக்காற்றுக்கு ஏற்ப இந்தக் கால்வாயில் நீரோட்டத்தின் திசை மாறும். எனவே ஒரு பருவத்தைத் தேர்ந்துகொண்டு, எல்லாத் தூண்களிலும் நுரை ஒரே பக்கம் இழுபடும்படி மெல்லிய வெள்ளைக் கோடுகளை இடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

அகலப்பாதைக் காலத்தைக் காட்டுவதானால் டீசல் எஞ்சினும் நீல நிற ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளும் பொருந்தும், மின்கம்பங்கள் வேண்டாம். 21.3 மீட்டர் நீளப் பெட்டி இந்த அளவில் 245 மி.மீ., அதாவது ஒன்றே முக்கால் கண். உண்மைப் பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் சென்றது என்பதால் கண்ட்ரோலரைக் குறைந்த வேகத்தில் வைத்து, மிகவும் கனமான எஞ்சினை முதலில் தனியே அனுப்புங்கள். எந்தக் கண்ணிலாவது தண்டவாளம் அமுங்கினால், அந்த முனையின் தாங்கித் தகட்டுக்கு அடியில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி மீண்டும் ஓட்டுங்கள். தாங்கித் தகடுகளை நிரந்தரமாக ஒட்டுவது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.