ஜிம்மா, வீடா: ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடும் முறை

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் ஜிம்முக்குப் போகிறார், நான் வீட்டிலேயே செய்கிறேன். இரண்டு பேர் செலவும் என் நோட்டில்தான் ஏறுகிறது. அதனால் "எதுங்க லாபம்?" என்று யாராவது கேட்டால் மாதக் கட்டணத்தைச் சொல்லமாட்டேன். உடற்பயிற்சி செய்த நாள் ஒன்றுக்கு எவ்வளவு விழுந்தது என்றுதான் பார்க்கச் சொல்வேன். ஆயிரம் ரூபாய் ஜிம் சிலருக்கு மலிவு, சிலருக்குக் கொள்ளை.

முதலில் ஜிம் கணக்கு. எங்கள் பக்கம் ஓரளவு நல்ல ஜிம்மில் மாதம் 1,200 ரூபாய். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 10,000-க்கு முடித்துத் தருவார்கள், அட்மிஷன் 500 தனி. இதன்மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 525. (2025 செப்டம்பர் 22 முதல்தான் 5. அதற்கு முன் 18.) இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஜிம் ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டியதில்லை, பதியாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. வரி கேட்டால் பில்லைக் கேளுங்கள். 33-இல் தொடங்கும் 15 இலக்கப் பதிவு எண் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 5 சதவீதம் அரசாங்கத்துக்குப் போகவில்லை.

அப்புறம் எல்லோரும் விட்டுவிடுவது பெட்ரோல். ஜிம் 3 கிலோமீட்டர் தள்ளி என்றால் போகவர 6. லிட்டருக்கு 45 ஓடும் ஸ்கூட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 14 ரூபாய்.

இப்போது வகுத்துப் பாருங்கள். மாதம் 12 நாள் போகிறவருக்கு வருடச் செலவு 13,000 சொச்சம், நாளுக்கு 90 ரூபாய். மாதம் 24 நாள் போனால் 52. மாதம் ஐந்தே நாள் எட்டிப் பார்ப்பவருக்கு 198. மூவரும் கட்டியது ஒரே கட்டணம்தான். இது நம் ஊர்ச் சோம்பல் மட்டுமல்ல. அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதம் நான்கு முறைக்குக் கொஞ்சம் மேல்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே இடத்தில் தடவைக்கு 10 டாலர் என்று சீட்டு வாங்கியும் போயிருக்கலாம்!

அதனால் முதல் தடவை சேர்பவர் வருடக் கட்டணம் கட்டவே கூடாது என்பது என் கட்சி. ஆடி ஆஃபர், புத்தாண்டு ஆஃபர் எதுவானாலும் சரி, மூன்று மாதம் மட்டும் கட்டுங்கள். எத்தனை நாள் போனோம் என்பது தெரிந்த பிறகு வருடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கட்டும் முன், நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் காத்திருந்தால் உங்கள் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகும். ஊருக்குப் போனால், காய்ச்சல் வந்தால் மாதத்தை நிறுத்தி வைக்க முடியுமா, மீதியை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பர்சனல் டிரெய்னர் வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அது ஜிம் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. புரோட்டீன் பவுடரும் அப்படித்தான். கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு கடையாத வாரம் கிடையாது.

பெண்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: லேடீஸ் டைம் எப்போது? நான் விசாரித்த இடத்தில் காலை 10 முதல் 12 என்றார்கள். மண்டியில் ஏலம் சூடாக இருக்கும் நேரம் அது. வேலைக்குப் போகும் எந்தப் பெண் அந்த நேரத்துக்கு வருவாள் என்று எண்ணி வைத்தார்களோ தெரியவில்லை. கட்டணத்தில் மட்டும் குறைவில்லை.

இனி வீட்டுக் கணக்கு. பாய் (ரப்பர் மேட்) 600, இழுக்கும் ரப்பர் பேண்டு ஒரு செட் 900, வாசல் நிலையில் பொருத்தும் புல்-அப் கம்பி 900. இரும்பு பிளேட் 20 கிலோ, கிலோ 130 வீதம் 2,600. இரண்டு குட்டை ராடு 500. ஆக 5,500. இரும்பு தேயாது. பேண்டு மட்டும் நம் வெயிலில் வெடித்துப்போகும், வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். மூன்று வருடத்துக்கு 7,300 என்று வைத்தால், மாதம் 12 நாள் செய்பவருக்கு நாளுக்கு 17 ரூபாய். ஐந்தே நாள் செய்தாலும் 41-தான்.

இதுவும் அதிகம் என்பவர்கள் சிமெண்டில் பார்பெல் (இரு முனையிலும் எடை உள்ள நீளக் கம்பி) வார்க்கலாம். பக்கத்தில் எங்காவது கான்கிரீட் போடும்போது மேஸ்திரியிடம் மிச்சம் கேளுங்கள். காலி 4 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, 4 அடி நீளத்தில் ஒரு அங்குல ஜி.ஐ. பைப் ஒன்று வேண்டும். பைப்பின் இரு முனையிலும் துளை போட்டு நீண்ட போல்ட்டைக் குறுக்கே செருகுங்கள். இதை விட்டால் நாளடைவில் பைப் கான்கிரீட்டுக்குள் தனியாகச் சுழலும், அப்புறம் கழன்றுவிடும். ஒரு வாளியில் பைப்பை நடுவில் நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டு ஊற்றுங்கள். குச்சியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் இறுகியதும் ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் தண்ணீர் காட்டுங்கள். பிறகு திருப்பி அடுத்த முனை. கான்கிரீட் லிட்டருக்குச் சுமார் 2.4 கிலோ. ஒரு வாளி ஒன்பதரை, பைப்போடு மொத்தம் 22 கிலோ வரும். குனிந்து இழுக்க, தோளில் வைத்துப் பஸ்கி போட இது போதும். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேல் மட்டும் தூக்காதீர்கள்.

என்ன செய்வது என்பது சிக்கலே இல்லை. தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தூக்குவது, இந்த நான்கும் இருந்தால் சரி. தண்டால் வராதவர்கள் சமையல் மேடையில் கை வைத்துத் தொடங்குங்கள். அங்கே 12 சுலபமானால் கட்டில், பிறகு தரை, அதன்பின் கால் முக்காலிமேல். பஸ்கிக்குப் பழைய ஸ்கூல் பையில் அரிசியை நிரப்பி மாட்டிக்கொள்ளலாம். எதையும் மூன்று செட், அதாவது இடைவிட்டு மூன்று சுற்று செய்யுங்கள். மூன்றும் பன்னிரண்டைத் தொட்டுவிட்டால் எடையை ஏற்றுங்கள், எடை இல்லையென்றால் நாலு எண்ணி மெதுவாக இறங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 நிமிட மிதமான நடை போன்றது, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடைக்கு எங்களுக்கு வ.உ.சி. பூங்கா மைதானம் இருக்கிறது, காசில்லை. அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023-இலிருந்து மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையும் உண்டு. டிரெட்மில் வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால் பழையதாகப் பாருங்கள், ஓடும் பெல்ட்டில் மெதுவாக நடக்கும்போது கால் வைத்ததும் அது தயங்கினால் விலகிவிடுங்கள்.

மாடியில் குடியிருப்பவர்கள் குதிக்கும் பயிற்சியை விட்டுவிடுங்கள். எங்களுக்குக் கீழே வீட்டுக்கார அக்கா இருக்கிறார், விடிகாலையில் தலைக்கு மேல் தொம் தொம் என்றால் வாடகை ஏறிவிடும். மொட்டை மாடி நல்ல இடம், ஆனால் சித்திரையில் ஆறரைக்கு முன் முடித்துவிட வேண்டும்.

சரி, வீடு எப்போதும் மலிவு என்றால் ஜிம் எதற்கு? கனமான எடைக்கும் கற்றுக்கொள்வதற்கும். தோளில் 80 கிலோ வைத்துப் பஸ்கி போட ஸ்டாண்டும் பிளேட்டும் பெஞ்சும் வீட்டில் வாங்கினால் 30,000 பக்கம் போய்விடும், வாடகை வீட்டுத் தரை அதைத் தாங்குமா என்பது வேறு. என் வீட்டுக்காரர் அந்த எடைக்குப் போய்விட்டார், அவருக்கு 52 ரூபாய் நியாயமான விலை. புதிதாகத் தொடங்குபவர், முதுகு வளையாமல் குனிந்து தூக்குவது தெரியாதவர், மூன்று மாதம் ஜிம்மில் சேர்ந்து அதை மட்டும் பழகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை எடுக்க மனம் வராதவர்கள் அந்த மாதங்களுக்குப் புதுப்பிக்காமல் விடுங்கள். இவரும் அப்போது என் இரும்பைத்தான் பிடுங்கிக்கொள்வார்.

பிளேட்டை இரும்புக்கடையில் பழையதாக வாங்கினால் கிலோ விலை இன்னும் இறங்கும். மேலே அச்சிட்ட எண்ணை நம்பாமல் தராசில் வைத்து வாங்குங்கள். பத்து என்று போட்ட பிளேட் ஒன்று எங்கள் மண்டித் தராசில் ஒன்பதே கால்தான் காட்டியது. இன்னொரு கைக்கும் அதே எடையில் ஜோடி தேடி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தோள் மட்டும் வலிக்கும்.